இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறதா?

கர்ப்பமாக இருக்கும் உங்கள் தங்கைக்கு ஹீமோகுளோபின் ஏறவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் போடுவதை அவர் முதலில் நிறுத்தட்டும். ஆறாம் மாதத்திலும் ஹீமோகுளோபின் 9-ஐத் தாண்டாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கால்சியம் இரும்பை உடலில் சேரவிடாது. டீ, காபி, பாலும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். குமட்டினால் படுக்கப்போகும் முன் போடலாம், விட்டுவிடக் கூடாது.

அவருடைய மேல்கையின் நடுவே டேப்பை இறுக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். 23 செ.மீ.க்குக் குறைவென்றால் பெரும்பாலும் சாப்பாடே போதவில்லை. எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைத்தான் சாப்பிடுகிறாரா? தயங்காமல் கேளுங்கள்.

நான்கு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறாவிட்டால் பி12, ஃபோலேட் வைட்டமின் குறைபாடு, குடற்புழு, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு) இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். 7-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.