கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே!

கேள்வி: மூன்று சுற்று நேர்முகத் தேர்வில் கடைசிவரை போய் வேலை கைநழுவிவிட்டது. முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இரவில் படுத்தால் அதே நினைப்புதான். எப்படி மீள்வது?

பதில்: மயிரிழையில் தவறியதுதான் அதிகம் வலிக்கும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களை ஆராய்ந்த உளவியலாளர்கள், வெள்ளி வாங்கியவர்களைவிட வெண்கலம் வாங்கியவர்களே மகிழ்ச்சியாகத் தெரிந்ததாக 1995-ல் எழுதினார்கள். வெள்ளிக்காரருக்குக் கண் தங்கத்தின் மேல். வெண்கலக்காரருக்கோ பதக்கமே இல்லாமல் போயிருக்குமே என்ற நிம்மதி. ஆகவே, 'இதற்குப் போய் இப்படி உடைந்துவிட்டேனே' என்று இன்னொரு சுமையை ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

நடந்ததையும் அதனால் மனதில் ஓடுவதையும் எழுதிப் பாருங்கள். தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம், யாருக்கும் காட்டாமல், பிழை திருத்தாமல். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் ஆராய்ந்த முறை இது. எழுதி முடித்ததும் மனம் இன்னும் கனத்துப்போகலாம். பலர் முதல் நாளோடு நோட்டை மூடிவைப்பது அதனால்தான். அந்தக் கனம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் இறங்கிவிடும். தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் எழுத வேண்டாம். நான்காம் நாளும் முதல் நாள் எழுதியதையே எழுதினால் நிறுத்திவிடுங்கள். அது வெறும் அசைபோடல்.

பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்தது மட்டும்: 'அனுபவம் பற்றிக் கேட்டபோது உதாரணம் சொல்லவில்லை.' வலப்பக்கம் உங்கள் தீர்ப்பு: 'நான் எதற்கும் லாயக்கில்லை.' வலப்பக்கத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரியை எடுத்து, 'இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்வேன்' என்று மாற்றுங்கள். 'அடுத்த முறை நன்றாகச் செய்வேன்' என்ற பொத்தாம்பொதுவான சபதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பறந்துவிடும்.

இரவில் அந்த நினைப்போடு வாதாடாதீர்கள். ஒரு வரியில் குறித்துவைத்து, 'நாளை மாலை பார்க்கலாம்' என்று தள்ளிவையுங்கள். 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள்; கண் சொக்கியதும் படுக்கலாம். இரண்டு வாரமாகியும் பெரும்பாலான நாட்கள் மனச்சோர்வோ எதிலும் பிடிப்பின்மையோ நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தோழி வருகிறேன் என்பாள், கடைசி நேரத்தில் வரமாட்டாள். ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோகிறேன்.

பதில்: கடைசி ஐந்து முறையில் எத்தனை முறை வந்தாள்? ஒன்றோ இரண்டோ என்றால், அவள் வராவிட்டாலும் நடக்கக்கூடியதாகத் திட்டம் போடுங்கள். சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள், ஆனால் ஒரு நிகழ்வை மட்டும்: 'நேற்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன், வருத்தமா இருந்துச்சு.' 'நீ எப்பவுமே இப்படித்தான்' என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

கேள்வி: ஒன்பது வயது மகன் போட்டியில் தோற்று அழுகிறான். என்ன சொல்வது?

பதில்: 'பரவாயில்லை, விடு' என்பதைத் தவிர எதுவும். 'ரொம்ப ஆசைப்பட்டே, இல்ல?' என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். நடுவரைத் திட்டாதீர்கள்; அழுகையை நிறுத்தப் பரிசும் வாங்கித் தராதீர்கள். எது நன்றாக வந்தது, எது சொதப்பியது என்ற அலசலெல்லாம் மறுநாளைக்கு. அதுவும் அவனாகப் பேச்சை எடுத்தால்.