மரக்கன்று நட்டாயிற்று, ஆய்வகத்துக்குள் என்ன செய்வது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் உயிரித்தொழில்நுட்ப ஆய்வகம் ஒன்றுக்கு நான் பொறுப்பு. பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருவதை ஒட்டி வளாகத்தில் மரக்கன்று நட்டார்கள், மொட்டை மாடியில் சோலார் போட்டார்கள். ஆய்வகத்துக்குள் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. கையில் பெரிய நிதி இல்லை. மாணவர்களின் ஆராய்ச்சியும் கெடக்கூடாது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மதுரை

பதில்: மாதிரிகளை மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கும் ஃப்ரீசரில் இருந்து தொடங்குங்கள். பழைய ஃப்ரீசர் ஒன்று நாளைக்குச் சுமார் 20 யூனிட் இழுக்கும். நம் இரண்டு மாத பில் கணக்கில் அது 1,200 யூனிட். ஒரு நடுத்தர வீடு முழுக்க ஓடினாலும் பெரும்பாலும் இவ்வளவு ஆகாது. ஃப்ரீசர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வருகிறது. அதை வெளியேற்ற ஏசி தனியாக உழைக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். பவர் பிளக்கில் செருகும் மின் மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. கம்ப்ரெசர் ஓடி ஓடி நிற்கும் என்பதால் ஒரு வாரமாவது அளந்தால்தான் சரியான கணக்கு வரும். அந்த எண்ணை ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டி வையுங்கள். துறைக்கு கரண்ட் பில் வருவதில்லை, நிர்வாக அலுவலகத்துக்குத்தான் போகிறது. எவ்வளவு ஆகிறது என்றே தெரியாமல் யாருக்கும் அக்கறை வராது.

அப்புறம் உள்ளே இருப்பதைப் பாருங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போனவர்களின் பெட்டிகள், மை அழிந்துபோன குழாய்கள், ஐஸ் மூடிய அடித்தட்டு. அநேகமாக எல்லா ஆய்வகத்திலும் இதுதான் நிலைமை. நெறியாளர்களுக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். யாருடையது என்று தெரியாததை அவர்கள் ஒப்புதலோடு ஆட்டோக்ளேவ் செய்து (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) அகற்றுங்கள். சுத்தமாகப் பிரித்தெடுத்த டி.என்.ஏ.வும் பெரும்பாலான நொதிகளும் மைனஸ் 20-லேயே பத்திரமாக இருக்கும். ஆர்.என்.ஏ., செல் மாதிரிகள் போன்றவைதான் கடுங்குளிரில் இருக்க வேண்டும். எந்தத் தட்டில் எந்தப் பெட்டி என்று ஒரு வரைபடம் கதவில் இருந்தால், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேட வேண்டியதில்லை. இரண்டு ஃப்ரீசரில் இருந்தது ஒன்றில் அடங்கிவிட்டால் மற்றதை அணைத்துவிடலாம். இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு எதிலும் கிடைக்காது.

மீதமுள்ள ஃப்ரீசரை மைனஸ் 70-க்கு மாற்றுங்கள். இந்தப் பத்து டிகிரியில் மின்சாரம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். கம்ப்ரெசருக்கும் ஆயுள் கூடும். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகமும் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மைனஸ் 70-இல் வைத்த மாதிரிகளின் பட்டியலையே தொகுத்திருக்கின்றன. தயங்கும் நெறியாளருக்கு அதைக் காட்டுங்கள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. காலி இடங்களைத் தண்ணீர் உறையவைத்த பாட்டில்களால் நிரப்பினால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும். அலாரம் அளவையும் மறக்காமல் மாற்றி வையுங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் காற்றுப் போக இடம் விட்டு, ஃபில்டரில் படியும் தூசியை அவ்வப்போது எடுத்தாலே கம்ப்ரெசரின் சுமை குறையும்.

அடுத்தது தண்ணீர். வடிநீர் தயாரிக்கும் கண்ணாடி டிஸ்டிலேஷன் கருவி இருந்தால், அதில் நீராவியைக் குளிர்விக்கும் கண்டென்சரில் இருந்து சிங்குக்குப் போகும் ரப்பர் குழாயை ஒரு நிமிடம் அளவு ஜாடியில் பிடித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் வடிநீருக்குப் பத்து லிட்டருக்கு மேல் குளிர்விக்கும் நீர் ஓடும். மின்சாரமும் லிட்டருக்குக் குறைந்தது 0.7 யூனிட், இரட்டை வடிநீர் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு. சாக்கடைக்குப் போகும் அந்தத் தண்ணீர் வெறும் சூடான குழாய் நீர்தான். தொட்டியில் பிடித்தால் கண்ணாடிக் கருவிகளின் முதல் கழுவலுக்கும் தோட்டத்துக்கும் ஆகும். கழுவுவதற்கு ஆர்.ஓ. நீர் போதும். வடிநீரை வினைக்கரைசல் தயாரிக்க மட்டும் எடுங்கள்.

நச்சு ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதன் முன்பக்கக் கண்ணாடியை இறக்கினால் மின்சாரம் மிச்சம் என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்றின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் வகைக்குத்தான் அது பொருந்தும். நம் ஊரில் அதிகம் இருக்கும் ஒரே வேக ஃபேன் வகையில் மிச்சமாகாது. ஆனாலும் இறக்கியே வையுங்கள், அது பாதுகாப்புக்கு. வேலை முடிந்து, உள்ளே ஆவியாகும் பொருள் எதுவும் இல்லை என்று உறுதி செய்த பிறகு ஃபேனை அணையுங்கள். மின்சாரத்துக்காகப் பாதுகாப்பில் கை வைக்கவே கூடாது.

பிளாஸ்டிக்கும் சின்ன விஷயம் அல்ல. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் துறை ஆய்வாளர்கள் சுமார் 280 பேர் 2014-இல் 267 டன் பிளாஸ்டிக் கழிவு உண்டாக்கினார்கள் என்று அந்தத் துறையினரே கணக்கிட்டு வெளியிட்டார்கள். பாக்டீரியா வளர்ப்புக்குக் கண்ணாடி பெட்ரி தட்டுக்குத் திரும்பலாம். பிப்பெட்டின் நுனியில் மாட்டும் பிளாஸ்டிக் டிப் வாங்கும்போது ரீஃபில் கேளுங்கள், பழைய பெட்டியிலேயே நிரப்பிக்கொள்ளலாம். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனைக்கான டிப்பைக் கழுவி மறுபடி பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். மாசு கலந்து சோதனையைத் திரும்பச் செய்தால் இரட்டிப்பு வீண். கிருமி பட்ட பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படிதான் அது போக வேண்டும்.

புது ஃப்ரீசர் வாங்கும் நாள் வந்தால், டெண்டர் விவரக்குறிப்பிலேயே “நாளைக்கு இத்தனை யூனிட்டுக்கு மிகாமல்” என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் விலை குறைந்தது எதுவோ அதுதான் வரும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நாளைக்குப் பத்து யூனிட் குறைவாக இழுக்கும் ஃப்ரீசர் வருடத்துக்கு 3,650 யூனிட் மிச்சப்படுத்தும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 29,200 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, கொள்முதல் குழு கூடுவதற்கு முன்பே நிதி அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.