1/11/1954: ஜனவரியா, நவம்பரா?

கேள்வி: அக்கா, என் பெரியப்பா சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) குடும்பங்களுக்குப் பென்ஷன் காகிதம் எழுதிக் கொடுப்பவர். அவருடைய நோட்டுகளில் உள்ள பிறந்த தேதி, கல்யாணத் தேதிகளை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) அடித்து, பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற அட்டவணைக் கருவியை வைத்து வருடம்-மாதம்-நாள் என்று மாற்றினேன். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் சரியாக இருக்கின்றன, சிலவற்றில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. பேசாமல் சாய்கோட்டில் வெட்டி, துண்டுகளைத் திருப்பி ஒட்டிவிடட்டுமா?
— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம்மா. வெட்டி ஒட்டினால் 31/02/1954 கூட 1954-02-31 ஆகி அழகாக உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு நாளே கிடையாது என்று உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்தை முதலில் தேதியாகப் படிக்க வைக்க வேண்டும். வேண்டிய வரிசையில் எழுத வைப்பது அதற்குப் பிறகு.

என்ன நடந்தது என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த இரண்டு நாட்களை வைத்தே பார்க்கலாம். பிரெஞ்சு ஆட்சி கைமாறியது 1/11/1954. சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 16/8/1962. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பாண்டாஸ் அமெரிக்க வழக்கப்படி மாதத்தைத்தான் முதலில் எடுக்கும். ஆகவே முதல் தேதி ஜனவரி 11 ஆகிவிடும். இரண்டாவதில் 16-ஆவது மாதம் என்று ஒன்று இல்லையே! பழைய பதிப்புகள் அந்த ஒரு வரியை மட்டும் திருப்பிப் படித்துக்கொண்டு மேலே போய்விடும். உங்கள் கோப்பில் பாதி சரி, பாதி தவறு என்று ஆனது இதனால்தான். 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து முதல் வரியைப் பார்த்து வரிசையை ஊகிக்கிறது, ஒத்துவராத வரி வந்தால் பிழை காட்டி நிற்கிறது. நிற்பதே நல்லது. உங்களிடம் பழைய பதிப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதை ஊகிக்கவே விடாதீர்கள். வரிசையை நீங்களே சொல்லுங்கள். சதவீதக் குறியோடு சின்ன டி நாள், சின்ன எம் மாதம், பெரிய ஒய் நான்கு இலக்க வருடம், நடுவில் சாய்கோடு. பாண்டாஸ் என்றால் இதை 'ஃபார்மேட்' என்ற இடத்தில் கொடுங்கள். வெறும் பைத்தான் என்றால் அதில் தேதிக்கென்றே உள்ள டேட்டைம் என்ற பகுதியில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன: ஸ்ட்ர்ப்டைம் எழுத்தைத் தேதியாக்கும், ஸ்ட்ர்ஃப்டைம் தேதியை எழுத்தாக்கும். முன்னதால் படித்து, பின்னதால் எழுதுங்கள். சின்ன எம்முக்குப் பதில் பெரிய எம் விழுந்துவிட்டால் அது நிமிடம். 16/08/1962-ஐ அப்படிப் படித்தால் 1962 ஜனவரி 16, நள்ளிரவு தாண்டி 8 நிமிடம் என்று வரும். மாதம் எதுவும் கிடைக்காததால் ஜனவரி என்று வைத்துக்கொள்ளும், பிழைச் செய்தி வராது.

வருடத்தை இரண்டு இலக்கத்தில் அடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சின்ன ஒய் போட்டால் 69 முதல் 99 வரை 1900-களிலும், 00 முதல் 68 வரை 2000-களிலும் சேரும். 1/11/54 என்பது 2054 ஆகிவிடும். பெரியப்பாவின் நோட்டில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தக் காலத்தவர்கள்தானே. எதிர்காலத்தில் பிறந்தவராக ஒருவரைக் காட்டும் காகிதத்தை எந்த அலுவலகமும் வாங்காது. நான்கு இலக்கமாகவே அடிக்கச் சொல்லுங்கள்.

பிரெஞ்சில் எழுதிய பக்கங்களில் மாதம் பெயராக இருக்கும். அதை மூன்றெழுத்தாகச் சுருக்கி அடிக்காதீர்கள். ஜூனுக்கும் ஜூலைக்கும் பிரெஞ்சில் முதல் மூன்று எழுத்தும் ஒன்றுதான். முழுப் பெயரையும் அடித்து, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று 12 மாதங்களுக்கும் நீங்களே ஒரு டிக்‌ஷனரி எழுதிக்கொள்வது உத்தமம். பைத்தானின் மாதப்பெயர்க் குறி அந்தந்தக் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து மாறும். ஒன்றாம் தேதியில் மட்டும் 1-ஐ ஒட்டி இ, ஆர் என்று இரண்டு எழுத்துகள் இருக்கும், அதை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே மாறிப்போனவற்றைக் கணினி கண்டுபிடித்துக் கொடுக்காது. நாளும் மாதமும் இரண்டுமே 12-க்குள் இருந்து, ஒன்றுக்கொன்று வேறாகவும் இருக்கும் தேதிகள் வருடத்துக்கு 132. இவற்றை எப்படிப் படித்தாலும் ஒரு நாள் கிடைத்துவிடும். மாற்றிய கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடித்த மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மூலத்தில் அடித்தபடியே ஒரு நெடுவரிசை, மாற்றியது பக்கத்தில் ஒரு நெடுவரிசை என்று இரண்டையும் வைத்திருங்கள். ஒரு விதவையின் பென்ஷன் அந்த ஒரு கட்டத்தை நம்பி இருக்கலாம். நோட்டை எடுத்து, பெரியப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சரிபாருங்கள்.

கேள்வி: வருடம்-மாதம்-நாள் என்று வைப்பதில் அப்படி என்ன லாபம்?
— வாசகர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பதில்: சாதாரண எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் காலவரிசை கெடாது. ஐஎஸ்ஓ 8601 என்று 1988-இல் வெளியான சர்வதேசத் தரம் இதைத்தான் சொல்கிறது. பூஜ்யத்தை மட்டும் விடக் கூடாது. 1954-2-1 என்று எழுதினால் அது 1954-11-1-க்குப் பின்னால் போய் நிற்கும்.

கேள்வி: கடலூர்க் கடலோரப் பேரிடர்கள் பற்றிக் கல்லூரி ப்ராஜெக்ட், ஜாவா நிரல்மொழியில் செய்கிறேன். தானே புயல் 30/12/2011 என்று சரியாக வருகிறது. சுனாமி மட்டும் 26/12/2005 என்று வருகிறது. உள்ளே 2004 என்றுதான் இருக்கிறது, பலமுறை பார்த்துவிட்டேன்.
— மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, வருடத்துக்குப் பெரிய ஒய் போட்டிருப்பீர்கள். பைத்தானில் அது சரி. ஜாவாவில் பெரிய ஒய் என்றால் அந்த வாரம் எந்த வருடக் கணக்கில் சேருகிறதோ அந்த வருடம். 2005 ஜனவரி 1 சனிக்கிழமை. ஞாயிறில் வாரம் தொடங்கும் கணக்கில் அந்த வாரத்தின் முதல் நாள் டிசம்பர் 26, சுனாமி வந்த அதே ஞாயிறு. ஆக அந்த வாரம் முழுவதும் 2005-இன் முதல் வாரம் ஆகிவிடுகிறது. முந்தின நாள் கிறிஸ்துமஸைக் கொடுத்துப் பாருங்கள், 2004 என்றே வரும். 2012 ஜனவரி 1 ஞாயிறாக இருந்ததால் தானே புயல் தப்பித்தது. நான்கு ஒய்யையும் சின்ன எழுத்தாக மாற்றுங்கள். மாதத்தின் எம் ஜாவாவில் பெரிய எழுத்துதான், அதைத் தொடாதீர்கள். தேவனாம்பட்டினத்தில் யாரிடமாவது காட்டும் முன் இதைத் திருத்திவிடுங்கள், அங்கே அந்தத் தேதி தெரியாத வீடு கிடையாது.