ஓவியக் கல்லூரிக்குப் போகாமல் போர் விமானங்களை வரையும் ஓவியராகப் பெயர் எடுக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவின் வில்லியம் எஸ். ஃபிலிப்ஸ் அப்படி வந்தவர்தான், தானாகவே வரையக் கற்றவர். சின்ன வயதிலிருந்தே படம் வரைவதில் ஆசை, ஆனால் அது சோறு போடும் என்று அவர் நினைக்கவில்லை. வியட்நாம் போரின்போது விமானப்படையில் வேலை பார்த்தார். அப்புறம் குற்றவியல் படித்துவிட்டுச் சட்டப் படிப்புப் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் ஒரு விமான நிலைய உணவகத்தில் மாட்டியிருந்த அவருடைய 4 ஓவியங்கள் விற்றுப்போயின. சட்டப் படிப்பை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடித்தார்.

அந்த உணவகச் சுவர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே சாப்பிட வருகிறவர்களில் விமானிகளும் மெக்கானிக்குகளும் இருப்பார்கள். துப்பாக்கி சுட்டபின் இறக்கையில் படியும் கரி, ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளக்கும் தகடு, இதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒன்று தப்பினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தத் துறையில் பட்டத்தைவிட அவர்களுடைய தலையசைப்புக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஃபிலிப்ஸ் விமானத்தை மட்டும் வரைபவரும் அல்லர். மேகம், அந்தி வெளிச்சம், கீழே தெரியும் நிலம் எல்லாவற்றுக்கும் அதே அக்கறை காட்டுவார். வானம் பொய்யாக இருந்தால் விமானம் பறக்காது, ஒட்டவைத்த மாதிரி நிற்கும்.

சரி, அங்கீகாரம்? 1986இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. ஜோர்டானின் அரச விமானப்படை 16 பெரிய ஓவியங்கள் வரையச் சொன்னது. அமெரிக்கக் கடற்படை அவரைப் போர்க்கள ஓவியராகப் பாரசீக வளைகுடாவுக்கே அழைத்துப் போனது.