துறைக்குள் சண்டை: கேள்வி பதில்

கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகளில் நடக்கும் பணியிட மோதல்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

எங்கள் துறையில் இரண்டு மூத்த பேராசிரியர்களுக்கு ஆகவே ஆகாது. குணக் கோளாறுதானே?

குணத்தைக் கடைசியில் பாருங்கள். முதலாண்டு வகுப்பு யாருக்கு, ஆய்வு மாணவர் யாருக்கு, ஆய்வகச் சாவி யாரிடம், தேர்வு வேலை யார் தலையில்? பங்கிடும் விதி எழுத்தில் இல்லாத இடத்தில் ஒவ்வொரு முடிவும் ஓரவஞ்சனையாகத் தெரியும்.

உயர்கல்வியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் துறைத்தலைவர் பதவி சுழற்சியில் வருகிறது. இன்று தலைவர், நாளை பழையபடி சக ஆசிரியர். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவார். பதவி உயர்வில் உங்களை மதிப்பிடுகிறவரும் பக்கத்து அறைக்காரராக இருக்கலாம். அதே ஆட்கள் இருபது வருடம் சேர்ந்து இருக்கப்போகிறார்கள் என்பதால் சின்ன உரசலும் ஆறாமல் கிடக்கிறது.

கைடு (ஆய்வு வழிகாட்டி) தன் நண்பரின் பெயரைக் கட்டுரை ஆசிரியர்களில் சேர்க்கச் சொல்கிறார்.

ஒருவர் பெயரைக் கட்டுரையின் ஆசிரியராகப் போட மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 4 நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியோ ஆழமாகத் திருத்தியோ இருப்பது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். பணம் வாங்கித் தந்தது மட்டும் போதாது. மற்ற துறையினரும் இதைக் காட்டிப் பேசலாம். ஆனால் ஆய்வு தொடங்கும்போதே யார் எந்த வேலை, யார் பெயர் முதலில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் பேசினால் பலம் உள்ளவர் சொன்னதுதான் நடக்கும்.

சம்பள பாக்கி பற்றி...

தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கருத்து மோதல் இல்லாத துறை செத்த துறை. மோதலை ஏன் நோயாகவே பேசுகிறீர்கள்?

வேலை பற்றிய கருத்து வேறுபாட்டையும் ஆள் மீதான வெறுப்பையும், குழு மோதல்களை ஆராய்ந்த கேரன் ஜென் 1995-இல் பிரித்துக் காட்டினார். வழக்கமான வேலையில் முதல் வகையும் கெடுதல். புதிதாக யோசிக்க வேண்டிய வேலையில் அது உதவலாம் என்றார். நீங்கள் நம்புவது அதில் பாதி. 2003-இல் டி ட்ரூ, வைன்கார்ட் என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, இரண்டு வகையுமே குழுவின் செயல்திறனோடு எதிர்மறையாகத்தான் சேர்ந்திருந்தன.

அப்படியானால் ஜென் சொன்னது தவறா? பாடத்திட்டக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்ட வேண்டுமா?

இல்லை. 2012-இல் ஜென்னும் சேர்ந்து எழுதிய தொகுப்பாய்வு 116 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. கருத்து வேறுபாடு ஆள் வெறுப்போடு ஒட்டாமல் இருக்கும் குழுக்களில் பாதிப்பு குறைவு என்று அது கண்டது. ஆகவே பாடத்திட்டத்தில் உங்கள் தாளை நீக்கச் சொன்னவர் உங்களை நீக்கச் சொல்லவில்லை என்று நீங்கள் நம்ப முடிகிறதா? அந்த நம்பிக்கை இருந்தால் தாராளமாக மோதுங்கள். இல்லையென்றால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். துறைத்தலைவர் இளையவர்களை முதலில் பேசவிடுவது ஒரு நல்ல தொடக்கம்.

தலைவர் என்னை ஒதுக்குகிறார். (இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து.)

நான்கு பேருக்கும் ஒரே பதில்: தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒரு கூட்டத்துக்கு அழைக்காமல் விட்டது வேறு, திட்டமிட்ட துன்புறுத்தல் வேறு. பணியிடத் துன்புறுத்தலை ஆராய்ந்த, ஸ்வீடனில் பணியாற்றிய ஹைன்ஸ் லேமன், வாரம் ஒருமுறையாவது, 6 மாதமாவது தொடர்வதையே அந்தக் கணக்கில் சேர்த்தார். தூக்கம் கெட்டிருந்தால் அதுவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

பாலியல் தொல்லைக்குச் சமரசம் பேசச் சொல்கிறார்கள்.

பேசாதீர்கள். முறையான புகார் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் ஒதுக்குகிறார்...

மேலே சொல்லிவிட்டேன்.

என் இரண்டு கைடுகளும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் சேர்த்த அத்தியாயத்தை மற்றவர் அடிக்கிறார்.

இதைப் படித்தபோதுதான் கோபம் வந்தது. அவர்கள் சண்டைக்கு உங்கள் வருடங்கள் செலவாகின்றன. நீங்கள் நடுவராகப் போகாதீர்கள். இருவரின் திருத்தங்களையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, முரண்படும் இடங்களைக் குறித்து, இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிக் கூட்டுச் சந்திப்பு கேளுங்கள். முடிவானதை அன்றே எழுதி அனுப்புங்கள். வர மறுத்தால், அந்த மின்னஞ்சலோடு ஆய்வுக் குழுவிடம் போய் ஒருவரை மாற்றக் கேளுங்கள்.