போகிப் புகையும் இதயமும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார். போகிப் புகை இதயத்தையும் பாதிக்குமா? துணி மாஸ்க் போதுமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: கண்டிப்பாகப் பாதிக்கும். புகையிலுள்ள பி.எம். 2.5 என்ற நுண்துகள் தலைமுடித் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை இறங்கி அழற்சியைக் கிளப்பும். ரத்தம் எளிதில் உறையும், ரத்தக்குழாய் சுருங்கும். ஏற்கெனவே அடைப்புள்ளவருக்குச் சில மணி நேரத்திலேயே மாரடைப்பு வரலாம். துணி மாஸ்க் போதாது. மூக்கோரம் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 வாங்குங்கள்.

முந்தின இரவே ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வெயிலேறிப் புகைமூட்டம் கலைந்தபின் திறங்கள். அன்று காலை நடைப்பயிற்சி வேண்டாம். மூடிய வீட்டுக்குள் சாம்பிராணி, கொசுவத்தியும் கூடாது, அவையும் இதே துகளைத்தான் கக்கும். மாத்திரையை ஒருவேளைகூட விடாதீர்கள். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், ‘வாயுத்தொல்லை’ என்று சோடா கொடுத்துக் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.