கேள்வி–பதில்: லாரிக்கு ரேடியல் ஏன் இவ்வளவு லேட்?

கேள்வி (சங்ககிரி வாசகர்): அப்பா காலத்தில் எல்லா லாரிக்கும் நைலான் டயர்தான். இப்போது கடைக்குப் போனால் ரேடியலைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் எப்போதோ வந்த டயர் நம்மிடம் வர ஏன் இத்தனை வருடம்?

பதில்: பிரான்சின் மிஷ்லின் கம்பெனி 1946-இல் ரேடியலுக்குக் காப்புரிமை வாங்கி, 1952-இலேயே லாரிக்கும் கொண்டுவந்துவிட்டது. நம் லாரிகளில் அது பரவலானது 2000-க்குப் பிறகுதான். நம் ஆட்களுக்கு விவரம் பத்தவில்லை என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் நைலானை விடாமல் இருந்தார்கள்.

நைலான் டயரில் நூல் அடுக்குகள் சாய்வாக, ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும், பக்கச்சுவர் தடிமன். பத்து டன் ஏற்ற வேண்டிய வண்டியில் பதினைந்து ஏற்றி ஜல்லி பெயர்ந்த ரோட்டில் விட்டாலும் ஓரளவு தாங்கும். ஆனால் ஓட ஓட அடுக்குகள் இழுபட்டுச் சூடேறும், டயரும் சீக்கிரம் தேயும், டீசலும் கூடக் குடிக்கும். ரேடியலில் ஸ்டீல் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், தரையில் படும் பகுதிக்கு அடியில் தனியாக ஸ்டீல் பெல்ட். சூடு குறைவு, டீசல் மிச்சம், கேசிங் (டயரின் உள்கூடு) கெடாமல் இருந்தால், தேய்ந்த மேல்பாகத்தில் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடும் கூடுதலாகப் போடலாம். பக்கச்சுவர் மட்டும் மெல்லிசு, ஓவர்லோடு அடித்தால் அங்கேதான் போகும். விலையும் அதிகம். முதல் மாதமே வெடித்துவிட்டால் டீசல் மிச்சத்தை வைத்து என்ன செய்வது?

ஆக, ரோடும் பாரமும் சரியாகாமல் ரேடியல் வந்து பிரயோஜனமில்லை. 1999-இல் தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அபராதத்தைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு கிளம்பக் கூடாது, கூடுதல் சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகர வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் ரேடியல் கட்டுப்படியானது.

ஒரு விஷயம். ரேடியல் சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். கண்ணால் பார்த்தோ கம்பியால் தட்டியோ காற்றைக் கணிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு கேஜ் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (நாமக்கல் வாசகர்): டயரில் 16PR என்று போட்டிருக்கிறது. உள்ளே 16 அடுக்கே இல்லை என்கிறார் பட்டறைக்காரர். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. PR என்றால் ப்ளை ரேட்டிங், அதாவது அடுக்குக் கணக்கு. பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்தில் எத்தனை அடுக்கோ அத்தனை பலம். ரேயான், நைலான் வந்ததும் குறைந்த அடுக்கிலேயே அதே பலம் கிடைத்தது, எண்ணை மட்டும் பலத்தின் அளவாக வைத்துக்கொண்டார்கள். முழு ஸ்டீல் லாரி ரேடியலில் பெல்ட்டைத் தவிர்த்தால் கேசிங்கில் இருப்பது ஒரே அடுக்கு!

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): ஆரம்பத்தில் லாரிக்குக் காற்றே இல்லாத டயராமே?

பதில்: ஆமாம், கெட்டி ரப்பர். குலுக்கலில் வண்டியும் கெடும், ரோடும் கெடும், வேகமும் போக முடியாது. காற்று டயர் லாரி பாரத்தைத் தாங்காது என்றே பலர் நம்பினார்கள். அதைப் பொய்யாக்க 1917-இல் அமெரிக்காவின் குட்இயர் கம்பெனி ஆக்ரனிலிருந்து பாஸ்டனுக்குக் காற்று டயர் போட்ட லாரியை ஓட்டிக் காட்டியது. முதல் பயணம் வாரக்கணக்கில் இழுத்தது, டயர்கள் வரிசையாகக் கெட்டன. விடாமல் ஓட்டி, பிறகு சில நாட்களிலேயே போய்ச் சேரும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி (ஓசூர் வாசகர்): சில பெரிய லாரிகளில் ஒரு ஜோடி சக்கரம் தரையில் படாமல் தொங்குகிறதே?

பதில்: அது லிஃப்ட் ஆக்சில், தேவைப்பட்டால் தூக்கி வைக்கக்கூடிய சக்கர அச்சு. வண்டி காலியாகப் போகும்போது தூக்கிவிட்டால் டயர் தேய்மானமும் டீசலும் மிச்சம். லோடு ஏறியதும் இறக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதன் பாரமும் மற்ற டயர்கள் தலையில் விழும்.